ரேஸ் கண்டிஷனுக்கு ‘முந்துநிலை’

வணக்கம் நண்பர்களே,

ஒரே தரவை இரண்டு நிரல் வேலைகள் ஒரே நேரத்தில் தொடும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுவதை ஆங்கிலத்தில் ரேஸ் கண்டிஷன் (race condition) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘பந்தய நிலை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே எடைமேடைக் கணக்கு மென்பொருளில் சிறுதோட்டக்காரர்களின் இருப்பு எப்போதாவது குறைந்துவிடும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால், மாலையில் லாரிகள் மொத்தமாக வந்து நிற்கும். சிக்கல் அந்த நேரத்தில்தான். தடம் பிடிக்க, நிரல் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் எழுதும் வரிகளைச் சேர்த்தோம், வழுவை (நிரல் பிழையை) காணோம். எடுத்தோம், திரும்ப வந்தது. லாக் எழுதும் கண நேரத் தாமதமே ஒரே நேரத்தில் மோதிய இரண்டு வேலைகளையும் விலக்கிவிட்டிருக்கிறது.

கடைசியில் காட்டிக்கொடுத்தவை ஒரு தோட்டக்காரர் பத்திரமாக வைத்திருந்த இரண்டு எடைச்சீட்டுகள். ஒன்றில் 1,950 கிலோ, மற்றதில் 2,100. இரண்டிலும் ‘முன் இருப்பு’ 4,820! இரண்டு கவுண்டரும் ஒரே இருப்பைப் படித்து, தனித்தனியே கூட்டி, ஒன்றின்மேல் ஒன்று எழுதியிருக்கின்றன. 8,870 இருக்க வேண்டிய இடத்தில் 6,920. ஒரே நேரத்தில் நடக்கும் பரிவர்த்தனைகளை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரித்துவைப்பது என்பதற்குத் தரவுத்தளங்களில் நிலைகள் உண்டு. நாங்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயல்பாக இருக்கும் ‘ரீட் கமிட்டட்’ நிலை இதைத் தடுக்காது. அதைவிடக் கடுமையான ‘ரிப்பீட்டபிள் ரீட்’ என்றால் இரண்டாவது பரிவர்த்தனை பிழை காட்டி நின்றிருக்கும். கூட்டலை நிரலில் செய்யாமல் தரவுத்தளத்தின் அப்டேட் கட்டளைக்குள்ளேயே செய்யவைத்தோம், சரியாகிவிட்டது.

இதில் பந்தயம் எங்கே இருக்கிறது? பந்தயத்தில் முந்தியவருக்குப் பரிசு. இங்கே முந்தி எழுதியவரின் பதிவுதான் அழிந்தது. எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது, அவ்வளவுதான் விஷயம். அதனால் ‘முந்துநிலை’ என்று பரிந்துரைக்கிறேன். முந்துநிலை எல்லாமே கேடு செய்வதில்லை. கேட்டில் முடிந்தால் ‘முந்துவழு’ என்று பிரித்துச் சொல்லலாம். ‘போட்டி நிலை’ வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தரவைத் தொடவிடும் பூட்டுக்கு (lock) பல வேலைகள் காத்திருப்பதைச் சொல்ல அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும்.

அப்புறம், ஒருவர் எழுதிய இற்றை (அப்டேட்) மற்றவர் எழுத்தில் அழிந்துபோவதற்கும் பெயர் வேண்டும். ‘மேலெழுத்திழப்பு’ என்று யோசித்தேன், நாக்கில் புரள மாட்டேன் என்கிறது. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.