இழை: மண் வளம் கூடியது, விளைச்சல் குறைந்தது – ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், அதற்குள் ஒரு சொல் வேண்டும். வேளாண் பட்டயப் படிப்பு மாணவர்களுக்காக ‘இயற்கை, குறை இடுபொருள் வேளாண்மை’ (உரமும் மருந்தும் குறைவாக இடுவது) என்ற தலைப்பில் ஒரு பாடக்குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் தெர்வில் என்ற ஊரில் 1978இல் தொடங்கிய ‘டாக்’ சோதனை பற்றியது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து உயிராற்றல் (பயோடைனமிக்) முறை, இயற்கை முறை, வழக்கமான முறை என்று ஒரே பயிர்ச் சுழற்சியைப் பல ஆண்டுகளாகச் செய்து பார்க்கிறார்கள். முதல் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் சயின்ஸ் இதழில் வந்தன. இயற்கை முறைப் பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைவு. ஆனால் அங்கே இட்ட சத்துகளும் 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவு, பூச்சிமருந்து 97 விழுக்காடு குறைவு. மண்புழுவோ 1.3 முதல் 3.2 மடங்கு வரை அதிகம், மண் கட்டிகள் தண்ணீரில் கரையாமல் நிற்கும் உறுதியும் கூடுதல்.

இதை “மண் வளம் கூடியது, விளைச்சல் 20 விழுக்காடு குறைந்தது” என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் “வளம் கூடுனா விளைச்சல் எப்படி மிஸ் குறையும்?” என்றான். பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் இரண்டாவது சொல் இல்லை. ஆங்கிலத்தில் சாயில் ஃபெர்ட்டிலிட்டி வேறு, சாயில் ஹெல்த் வேறு. நாம் இரண்டையும் மண் வளம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறோம். அந்தப் பையனுக்குப் புரிகிற மாதிரி ஒரு சொல் தாருங்கள்.

– திண்டுக்கல்லிலிருந்து

---

அம்மா, வாழ்த்துகள். உங்கள் மாணவன் கேட்டது நல்ல இலக்கணக் கேள்வி.

சொல் நம்மிடம் இருக்கிறது: நலம். மண் + நலம் = மண்ணலம். கண் + நீர் கண்ணீர் ஆவதுபோலத்தான், ணகர ஒற்றின் முன் வரும் நகரம் ணகரமாகும். மண்ணலம் என்று ஒரே சொல்லாக எழுதுங்கள், கலைச்சொல் என்றால் ஒட்டி நிற்க வேண்டும்.

நிலத்துக்கு நலம் சொல்வது புதிதும் அல்ல. உழவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் ‘நிலமென்னும் நல்லாள் நகும்’ என்கிறார் வள்ளுவர். புறநானூறு 187இல் ஔவையார் நிலத்தை முன்னிலைப்படுத்தி ‘நல்லை வாழிய நிலனே’ என்கிறார். நல் என்ற அடியிலிருந்து நல்லாள், நல்லை, நன்மை, நலம் எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் பாட்டில் நாடாக இருந்தாலும் காடாக இருந்தாலும், பள்ளமோ மேடோ, எங்கே ஆடவர் நல்லவரோ அங்கே நிலமும் நல்லது என்கிறார். நிலத்தின் நலம் அதை வைத்திருப்பவன் நடத்தையைப் பொறுத்தது என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நன்செய் என்ற சொல்லிலும் இதே நல் இருக்கிறது. நிலம் என்ற சொல்லை நில் என்ற அடியில் வைப்பார்கள், எனக்கென்னவோ நல்லுக்கும் நில்லுக்கும் இன்னும் ஆழத்தில் ஓர் உறவு இருக்கும் என்று நெடுநாளாகத் தோன்றுகிறது. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

– கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

ஐயாவுக்கு வணக்கம். நலம் சரி, ஆனால் மண்ணலம் வேண்டாம் ஐயா. நான் அதை மண் + அலம் என்றுதான் படித்தேன். அலம் என்றால் கலப்பை என்று நிகண்டு படித்த நீங்கள்தான் போன ஆண்டு இங்கே எழுதினீர்கள். பட்டயப் படிப்புப் பிள்ளை புணர்ச்சி விதியைப் பிரித்துப் பார்த்துவிட்டா பாடம் படிக்கும்?

டீச்சர், நான் நாகை மாவட்டத்தில் ஆறு ஏக்கர் பயிர் செய்கிறேன். எங்கள் பக்கம் இதற்கு வார்த்தை இருக்கிறது. “மண்ணு உசுரோட இருக்கு” என்போம், “மண்ணு செத்துப்போச்சு” என்போம். மூட்டை மூட்டையாக யூரியா போட்டு நன்றாக விளைகிற வயலைப் பார்த்துக்கூட என் அப்பா “இது செத்த மண்ணுடா” என்பார். விளைச்சல் வேறு, மண்ணின் உயிர் வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்?

நான் இயற்கை முறைக்கு மாறியபோது முதல் மூன்று வருடம் விளைச்சல் விழுந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன், ஆட்டுக்கிடை போட்டேன். நான்காம் வருடம் மண் கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது, மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கியது, ஆனாலும் பக்கத்து வயல் மகசூலை நான் இன்னும் எட்டவில்லை. அதனால் என் ஓட்டு ‘மண் உயிர்ப்பு’.

– நாகையிலிருந்து

---

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன்.

மத்திய அரசு 2015இல் தொடங்கிய அட்டைத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ஹெல்த் இருக்கிறது, தமிழில் ‘மண்வள அட்டை’. எல்லோரும் மொழிபெயர்ப்பைக் குறை சொல்கிறார்கள். ஆனால் அட்டையில் இருப்பது 12 அளவுகள்: தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். மண்புழுவும் இல்லை, நீர் இறங்கும் வேகமும் இல்லை. அளப்பது பெரும்பாலும் வளத்தைத்தான், அதனால் தமிழ்ப் பெயர்தான் சரியான பெயர். ஹெல்த்துக்குத் தனிச் சொல் வந்தால் அது எங்கள் வேலைக்கும் உதவும்.

> என் ஓட்டு ‘மண் உயிர்ப்பு’

அண்ணா, நீங்கள் சொன்ன பொலபொலப்பும் தண்ணீர் இறங்குவதும் மண்ணின் கட்டமைப்பு. உயிர்கள் அதை உண்டாக்குகின்றன, ஆனால் அதுவே உயிர் இல்லை. ஆழம், உவர்ப்பு, இறுக்கம் எல்லாம் சேர்ந்தது ஹெல்த். உயிர்ப்பு அதில் ஒரு பங்கு. நலம் என்றால் எல்லாம் அடங்கும்.

டீச்சர், மாணவனுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பயிருக்குச் சோறு எவ்வளவு இருக்கிறது என்பது வளம், சமைக்கிற ஆள் எப்படி இருக்கிறார் என்பது நலம். யூரியா உடனே கரைந்து வேருக்குப் போகும். தொழுவுரத்தில் உள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகுதான் பயிர் எடுக்கும், அது பயிர் பசிக்கிற வாரத்தில் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெர்வில் சோதனையிலேயே இயற்கைப் பாத்திக் கோதுமை வழக்கமான முறை விளைச்சலில் 90 விழுக்காடு வரை எட்டிப்பிடித்தது, உருளைக்கிழங்கு 58 முதல் 66 விழுக்காட்டில் நின்றது. உருளைக்கு சாம்பல்சத்து போதவில்லை, இலைக்கருகல் நோயும் அடித்தது. மண்ணின் நலம் கூடினாலும் அது உருளையின் கருகல் நோயைக் குணமாக்காது.

இன்னொன்று, பாடக்குறிப்பின் தலைப்பில் ‘இயற்கை, குறை இடுபொருள்’ என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் பண்ணையில் 1843இலிருந்து கோதுமை விளைகிற ஒரு வயலில் தொழுவுரப் பாத்தி இருக்கிறது, விளைச்சல் ரசாயன உரப் பாத்திக்கு ஏறக்குறைய சமமாகவே வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போகிறது! ரசாயனம் இல்லை என்றாலும் அதைக் குறை இடுபொருள் என்று எப்படிச் சொல்வது? அத்தனை மாட்டுக்கும் தீவனம் வேறு ஏதோ நிலத்திலிருந்துதானே வந்தது.

– கோவையிலிருந்து

---

அன்பர்களே, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இஞ்சை நாங்கள் உரத்தைப் பசளை என்றும், உங்கள் அங்கக உரத்தைச் சேதனப் பசளை என்றும்தான் படித்தோம். சாயில் ஹெல்த்துக்கு மண் ஆரோக்கியம் என்று எழுதுகிறோம், எல்லாருக்கும் விளங்குகிறது. விளங்குகிற சொல்லை ஏன் விட வேண்டும்?

சொல்லைவிட எனக்குக் கவலை வேறு. 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள். அதற்குள் காலபோக (பெரும்போக) நெல் விதைத்தாகிவிட்டது. மண் ஒரு போகத்தில் மாறாது. நாகைத் தம்பி சொன்ன மூன்று வருடத்தை ஒரு நாட்டுக்கே ஏழு மாதத்தில் செய்யச் சொன்னால் என்ன நடக்கும்? எங்கள் வயலில் நெற்கதிர் பாதி பதராக நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு சேதனப் பசளை என்ற சொல்லே இங்கே சனத்துக்குக் கசந்து போனது. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கொடுக்கும்போது ‘காலம்’ என்ற சொல்லையும் பக்கத்தில் வையுங்கள். மண் நலமாக எத்தனை வருடம் பிடித்தது என்று போடாமல் கூடியது, குறைந்தது என்று மட்டும் எழுதினால் அது அரைப் பாடம்.

---

யாழ்ப்பாண நண்பர் எழுதியது மனத்தை வருத்தியது. ஆனாலும் சொல் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆரோக்கியம் வடசொல். சேதனம் உணர்வுள்ளது என்ற பொருளில் வந்த வடசொல், வெட்டுதல் என்ற பொருளிலும் இன்னொரு சேதனம் உண்டு, தமிழ்க் காதுக்கோ சேதம் என்று விழுகிறது. பயிருக்கு நன்மை செய்யும் பொருளுக்கு இந்தப் பெயரா? நாகைத் தம்பிக்கும் ஒன்று: அலம் வடமொழி ஹலம். நம் சொல் நாஞ்சில். ஆகவே மண்ணலத்தில் குழப்பம் வராது.

குறை இடுபொருள் என்பதற்கும் என்னிடம் சொல் உண்டு. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்.’ ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதியைக் கால் பலமாகக் காயவிட்டால் கைப்பிடி எருவும் வேண்டாம். எனவே ‘பிடியெரு வேளாண்மை’. இரண்டாயிரம் ஆண்டுச் சொல் இருக்க, இடுபொருள் என்று ஏன் தட்டையாக எழுத வேண்டும்?

– கும்பகோணம்

---

ஐயா, அந்தக் குறள் பிடி எருகூட வேண்டாம் என்கிறது, நீங்கள் அதிலிருந்து பிடி எருவை எடுத்துக்கொண்டீர்கள். அடுத்த குறளே ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாங்களும் கோடை உழவு ஓட்டுகிறோம், அதற்காக எருவை நிறுத்தினோமா?

– நாகை

---

குறுக்கே ஒரு வார்த்தை. காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகித் தழைச்சத்தை விடுவிக்கும். பர்ச் விளைவு என்று மண்ணியலில் சொல்வோம். குறள் சொல்வது கற்பனை இல்லை. ஆனால் அப்படி வெளிவருவது மண்ணில் ஏற்கெனவே இருக்கிற கரிமத்திலிருந்து, திரும்பப் போடாவிட்டால் ஒரு நாள் தீரும். இரண்டு குறளும் அடுத்தடுத்து இருப்பது அதனால்தானோ என்று நினைத்துக்கொண்டேன்.

– கோவை

---

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

முடிவு இது: ‘மண் நலம்’, இடைவெளி விட்டு. மண் வளம் என்பதைச் சத்து நிலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கோவையார் சொன்ன சோறும் சமைப்பவரும் வருகிறது. யாழ்ப்பாணத்து ஐயா கேட்டபடி ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எத்தனை ஆண்டு என்று போட்டுவிட்டேன், உண்மையில் அதுதான் குறிப்பையே மாற்றியது. வாக்கியம் இப்போது “21 ஆண்டுகளில் மண்ணின் நலம் கூடியது, விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைவாக இருந்தது” என்று நிற்கிறது. உயிர்ப்பு என்ற சொல்லை மண்புழு, நுண்ணுயிர் பத்திக்குப் பயன்படுத்தினேன். குறை இடுபொருளை அப்படியே விட்டுவிட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும்.

– திண்டுக்கல்

---

மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா. ஆனால் பிரித்து எழுதிய மண் நலம் கலைச்சொல் ஆகாது, வெறும் தொடர். அடுத்த பதிப்பில் மண்ணலம் வர வேண்டும் என்று இங்கே பதிந்து வைக்கிறேன்.

– கும்பகோணம்

---

நாங்கள் மண் ஆரோக்கியம் என்றே எழுதுவோம், குறை நினைக்க வேண்டாம். குறிப்பு வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கோ, இங்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

– யாழ்ப்பாணம்

---

டீச்சர், அந்தப் பையனிடம் திரும்பக் கேட்டீர்களா, புரிந்ததாமா? அதைச் சொல்லுங்கள். அப்புறம் ‘குறை இடுபொருள்’ என்றால் எங்கள் ஊரில் குறையுள்ள இடுபொருள், அதாவது கலப்பட உரம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

– நாகை