கன்ஸ்யூமர் யூனிட், லூஸ் கனெக்‌ஷன்: என்ன சொல்லலாம்?

> கன்ஸ்யூமர் யூனிட் = நுகர்வோர் அலகு
> லூஸ் கனெக்‌ஷன் = தளர் இணைப்பு

ஐயா, வணக்கம். வீட்டு ஒயரிங்ல வர்ற இந்த ரெண்டு இங்கிலீஷ் பேருக்கு நீங்க குடுத்த தமிழ்ச் சொல்லுங்கள்ல, முதல் சொல்ல தயவுசெஞ்சு மாத்திடுங்க. கரண்ட் யூனிட்டத்தான் அலகுன்னு எழுதறாங்க, பில்லுல வர்ற 100 யூனிட்டும் 100 அலகுதான், அதனால நுகர்வோர் அலகுன்னா நாம எவ்ளோ கரண்ட் எரிச்சோம்ங்கற கணக்குன்னுதான் படிக்கறவங்க நெனப்பாங்க, சுவத்துல இருக்கற பெட்டி ஞாபகத்துக்கே வராது. கன்ஸ்யூமர் யூனிட்ங்கற பேரே பிரிட்டன்காரங்க வழக்கு, நம்ம எலக்ட்ரீஷியன் யாரக் கேட்டாலும் டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) பாக்ஸ்தான். மெயின்ல வர்ற லைன ரூம் ரூமா பிரிச்சுக் குடுக்கற பெட்டி, பகிர்வுப் பெட்டின்னு வெக்கலாம். பகிர்மானப் பெட்டின்னா தெருவுல நிக்கற பில்லர் பாக்ஸோட குழம்பிடும்.

ரெண்டாவது சொல்லுக்கு எங்க வீட்ல நடந்தத சொல்லியாகணும். போன மழைக்காலத்துல கீசர் போட்டா பத்து நிமிஷத்துல கருவாட்டு வாடை, வீட்ல யாரும் கருவாடு தொடறதில்ல. எம்சிபி, அதான் லோடு ஜாஸ்தியானா தானா ஆஃப் ஆகற சுவிட்ச், ஒருதடவகூட ட்ரிப் ஆகல. எலக்ட்ரீஷியன் தம்பி மெயின ஆஃப் பண்ணிட்டு மூடியக் கழட்டினா, நியூட்ரல் லிங்க்ல (கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் ஒயருங்கள ஸ்க்ரூ போட்டு இறுக்கற உலோகப் பட்டை) ஒரு ஒயரோட இன்சுலேஷன் ஒரு இஞ்ச்சுக்கு பழுப்பாகி பொரிஞ்சு கெடக்கு. "பிடி விட்டிருக்கு சார்"னார்.

ட்ரிப் ஆகாததுக்குக் காரணம், 2000 வாட் கீசர் 230 வோல்ட்ல சுமார் 9 ஆம்பியர்தான் இழுக்கும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு. ஆனா அந்த ஸ்க்ரூவுக்கு அடியில அரை ஓம் தடை வந்தாலே 9 × 9 × 0.5 (கரண்ட் × கரண்ட் × தடை), அதாவது சுமார் 40 வாட் சூடு, நாம பத்த வெக்கற 25 வாட் சால்டரிங் அயர்னவிட ஜாஸ்தி, அதுவும் ஒரு ஸ்க்ரூ தலை அளவு எடத்துல. கசிவு வந்தா கட் ஆகற ஆர்சிசிபி சுவிட்ச்சும் காப்பாத்தாது, கரண்ட் வெளிய கசிஞ்சாத்தான் அதுக்குத் தெரியும்.

இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஒயர் தளரவே இல்ல. இழுத்துப் பாத்தாரு, வரல. முன்னாடி வேல செஞ்சவங்க இன்சுலேஷனோட சேத்து முறுக்கிட்டாங்க, ஸ்க்ரூ பிளாஸ்டிக்க நல்லா கவ்வியிருக்கு, செம்பு மேல ஓரமாத்தான் பட்டிருக்கு. தளர் இணைப்புன்னு படிச்சிட்டு ஒருத்தர் கையால ஆட்டிப் பாத்து, ஆடலயே சரியாத்தான் இருக்குன்னு மூடிட்டா என்ன ஆகும்? பழுதான இணைப்புன்னும் வேணாம், ஒயர் அறுந்ததும் அதுல வந்துடும்.

அதனால என் பரிந்துரை பிடிப்புக்குறை. உலோகத்துக்கு உலோகம் பிடிப்பு பத்தலங்கறத நேராச் சொல்லுது, ஸ்க்ரூ லூஸானாலும் முனை களிம்பேறினாலும் பொருந்தும், "நியூட்ரல் முனையில பிடிப்புக்குறை"ன்னு வாய்லயும் நல்லா வருது, அந்தத் தம்பி சொன்ன பேச்சுக்கும் பக்கத்துலயே நிக்குது. அவர் கருகின துண்ட வெட்டி, புதுசா சீவி, லிங்க்ல வேற ஓட்டையில போட்டுக் குடுத்தாரு, வாடை போச்சு.

நியூட்ரலுக்கு என்ன சொல் வெக்கறது, இல்ல அப்படியே விட்டுடலாமா?