புதுப்பிப்பு: சாத்துக்குடி மொட்டு ஒட்டு, இரண்டாவது முயற்சி

காட்டு எலுமிச்சை நாற்றுகளில் சாத்துக்குடி மொட்டு (பூமொட்டு அல்ல, இலைக்காம்பின் அடியில் இருக்கும் துளிர்மொட்டு) வைத்துக் கட்டியதில் பத்தில் எட்டு கருகிவிட்டதென்று முன்பு எழுதியிருந்தேன். இந்த முறை பத்தில் ஏழு பிடித்திருக்கிறது!

போன முறை தப்பு நாற்றில்தான். தண்ணீர் குறைவாக இருந்ததால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழிந்தது. இம்முறை ஒரு வாரம் நன்றாகத் தண்ணீர் விட்டு, துளிர் ஓடும்போது பட்டையை ஆங்கில 'T' வடிவில் கீறினேன். பட்டை வழுக்கிக்கொண்டு பிரிந்தது. பட்டைக்கு உள்ளே இருக்கும் ஈரமான வளர்திசு, அதாவது தண்டு பருக்கக் காரணமான மெல்லிய படலம்தான் மொட்டோடு சேரவேண்டியது. அது காய்வதற்குள் செருகிக் கட்டிவிட வேண்டும்.

பிடித்ததா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, மொட்டோடு விட்டுவைத்த இலைக்காம்பு. மூன்று வாரம் கழித்து லேசாகத் தொட்டேன். பிடித்தவற்றில் காம்பு தானாக உதிர்ந்தது, மொட்டும் பச்சையாக இருந்தது. செத்தவற்றில் காம்பு சுருங்கி அப்படியே ஒட்டியிருந்தது.

அப்புறம் கட்டியதை அவிழ்த்து, மொட்டுக்கு மேலே தண்டை வெட்டினேன். இப்போது இரண்டு அங்குலத் துளிர். ஒட்டுக்குக் கீழே வரும் எலுமிச்சைத் துளிர்களைத் தினமும் கிள்ளி எடுக்கிறேன்.