கா 8 கிளைடரின் வேரியோமீட்டர் இரு மடங்கு இறக்கம் காட்டுகிறது: உதவி தேவை

வணக்கம். ருடால்ஃப் கைசர் வடிவமைத்து 1957-இல் முதன்முதலாகப் பறந்த ஷ்லைகர் கா 8 கிளைடரின் (எஞ்சின் இல்லாத விமானத்தின்) தொகுப்பை எக்ஸ்-பிளேன் 12 என்ற விமான சிமுலேட்டரில் பயன்படுத்துகிறேன். சென்ற மாதம் அத்தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவியதிலிருந்து, ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவியான அதன் வேரியோமீட்டர் தவறாகக் காட்டுகிறது.

ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் வின்ச் (தரையிலிருந்து கயிற்றால் இழுத்து ஏற்றும் பொறி) மூலம் ஏறி, கயிற்றை விடுவித்து, காற்றும் வெப்ப ஏற்றமும் இல்லாத சூழலில் மணிக்கு 73 கி.மீ. வேகத்தில் நேராகப் பறந்தால், உயரமானி நிமிடத்திற்கு ஏறத்தாழ 45 மீட்டர் குறைகிறது. இந்த விமானத்தின் சறுக்கு விகிதம் 27, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 27 மீட்டர் முன்னேறும் என்பதால் இது சரியே. ஆனால் வினாடிக்கு 0.75 மீட்டர் இறக்கத்தில் நிற்க வேண்டிய வேரியோமீட்டர் முள் 1.5-ஐத் தொட்டு அசையாமல் நிற்கிறது. ஏற்றத்தைத் தேடிப் பறப்பவருக்கு அந்த முள்தான் கண் என்பதால், இதைப் பொருட்படுத்தாமல் பறக்க மனம் ஒப்பவில்லை.

இறக்கத்தைக் கூட்டும் இறக்கைத் தகடான ஏர்பிரேக் முழுமையாக மூடியிருப்பதை வெளிப்புறக் காட்சியில் உறுதி செய்துகொண்டேன். தொகுப்பை நீக்கி மீண்டும் நிறுவினேன். சிமுலேட்டரின் அமைப்புக் கோப்புகளை அழித்துப் புதிதாக உருவாக்கினேன். பிற துணை நிரல்கள் அனைத்தையும் விலக்கியும் பார்த்தேன். எதிலும் மாற்றமில்லை. சிமுலேட்டருடன் வரும் ஏஎஸ்கே 21 கிளைடரில் இதே சோதனையைச் செய்தால் முள்ளும் உயரமானியும் ஒத்துப்போகின்றன. ஆகவே கோளாறு இத்தொகுப்பின் விமானி அறைக் கோப்புகளில்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முள்ளின் கோணத்தை நிர்ணயிக்கும் அசைவு மதிப்புகளை, பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் மறு ஏற்றுமதி செய்யாமல், விமானி அறையின் ஓபிஜே (முப்பரிமாண மாதிரி) கோப்பிலேயே நேரடியாகத் திருத்த இயலுமா?