1929 ‘பாஸ்கர்வில்’ மௌனப்படம்: நடுவில் படம் அசையாமல் நிற்பது ஏன்?

நிழற்கூத்து:
ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் நாவலை வைத்து ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கிய 1929 ஜெர்மன் ‘பாஸ்கர்வில்’ படத்தைச் சங்கத்தில் திரையிடப் போகிறோம். முன்பகுதியில் ஓட்டம் நின்று வெறும் புகைப்படமும் எழுத்தும் வருகின்றன. சில ஷாட்டுகள் மணல் தூவியதுபோல இருக்கின்றன. டிஸ்க்கில் கோளாறா? அந்த இடத்தை வெட்டிவிடலாமா? கூடவே போட வைத்திருக்கும், அதே கதையின் 1914 படத்தில் எல்லாரும் ஓட்டமும் நடையுமாகவே இருக்கிறார்கள்.

சுருள்பெட்டி:
டிஸ்க்கில் கோளாறு இல்லை, வெட்டாதீங்க. மீட்டெடுப்புக்கு ஆதாரம் போலந்தில் கிடைத்த 35 மி.மீ. நைட்ரேட் (எளிதில் தீப்பற்றும் பழைய ஃபிலிம்) பிரதி. அதில் இல்லாத துண்டுகளுக்கு, வீட்டில் ஓட்டுவதற்காகச் சுருக்கி விற்ற 9.5 மி.மீ. பிரதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்; மணல் தூவியதுபோல இருப்பவை அவைதான். அதிலும் இல்லாத இடத்தில்தான் புகைப்படமும் எழுத்தும். வெட்டினால் கதையே புரியாது.

9.5-இல் துளை ஓரத்தில் இருக்காது, இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் இருக்கும். புரொஜெக்டரில் ஃபிலிமை இழுக்கும் நகம் பிசகினால் கீறல் நேரே நடிகர் முகத்தில்தான் விழும். இன்னொரு சிக்கல், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டை. அந்தக் காலப் பிரதிகளில் ஃபிலிமை மிச்சப்படுத்த, அட்டைக்கு ஒன்றிரண்டு ஃபிரேம்தான் ஒதுக்குவார்கள். ஃபிலிம் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும், அதைத் தொட்டதும் புரொஜெக்டர் சில விநாடி நிறுத்திக் காட்டும். ஸ்கேனருக்கு அந்த வெட்டு தெரியாது. எழுத்து மின்னி மறைந்துவிடும். அந்த ஃபிரேமைத் தேடிப்பிடித்து நீட்டித்தான் ஆகவேண்டும்.

வேகமானி:
1914 படத்துக்கு: உங்கள் கோப்பு விநாடிக்கு 18 ஃபிரேம் வேகப் படத்தை அப்படியே 24-இல் ஓட்டுகிறது என நினைக்கிறேன். 60 நிமிடப் படம் 45-இல் முடிந்துவிடும். ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமையும் இருமுறை வையுங்கள், சரியாக 24 வரும். மென்பொருளில் ‘ஃபிரேம் கலப்பு’ (அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒன்றாகக் கலப்பது) வேண்டாம். கை அசையும்போது இரண்டு கையாகத் தெரியும். நீளம் சரிபார்க்க: 35 மி.மீ.யில் மீட்டருக்கு 52.5 ஃபிரேம். 1000 மீட்டர், 18 வேகத்தில், கிட்டத்தட்ட 49 நிமிடம்.

மூடுபனி:
இரண்டையும் சேர்த்துப் போடுவது அருமையான முடிவு. 1914 படத்தின் திரைக்கதையும் ஓஸ்வால்டுதான். இயக்கம் ருடால்ஃப் மைனர்ட். அந்தப் படத்தில் நாவலைத் தேடாதீங்க, வில்லன் ஸ்டேபிள்டனே ஹோம்ஸ் வேஷம் போட்டு வருகிறான். 1929-இல் ஹோம்ஸ் அமெரிக்கர் கார்லைல் பிளாக்வெல், சர் ஹென்றி இத்தாலியர் லிவியோ பவனெல்லி. பேசும்படம் வந்ததும் இப்படி வெவ்வேறு நாட்டு நடிகர்களைச் சேர்ப்பது கடினமாகிவிட்டது. ஸ்டேபிள்டனாக வரும் ஃபிரிட்ஸ் ராஸ்ப்பை மட்டும் கண் எடுக்காமல் பாருங்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடாதீங்க, சதுப்புநிலக் காட்சிகளின் கறுப்பு சாம்பலாகிவிடும்.