மாட்டினச் சங்க அலுவலகத்தில் வருஷம் முழுக்க என்னதான் வேலை?

புதுக்கணக்கன்:
வணக்கம். பிரிட்டனில் இறைச்சி மாட்டினம் ஒன்றின் சங்கத்தில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். இதுவரை பார்த்ததெல்லாம் கணக்கு வேலைதான், மாட்டின் பக்கத்தில் நின்றதுகூட இல்லை. நேர்காணலில் விசாரித்தபோது, "கன்று பிறந்தால் பதிவு செய்வோம், காளை விற்பனை நடத்துவோம், ஆண்டு மலர் போடுவோம்" என்று முடித்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஆறு பேர். கன்றுக்குப் பெயர் எழுதி வைக்க ஆறு பேர் எதற்கு என்று புரியவில்லை. எந்த மாதம் நெருக்கடி, எந்த மாதம் லீவு கேட்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மந்தையேடு:
லீவு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. பிப்ரவரியிலும் அக்டோபரிலும் வாயைத் திறக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் ஊரில் நடக்கும் பெரிய காளை விற்பனை அந்த இரண்டு மாதங்களில்தான். 2009 வரை அது அதே ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் நடந்தது. பழைய உறுப்பினர்கள் இன்னமும் வாய் தவறி "பெர்த்துக்கு எத்தனை காளை பதிந்திருக்கிறது?" என்று கேட்பார்கள். குழம்ப வேண்டாம், ஸ்டெர்லிங்கைத்தான் சொல்கிறார்கள்.

நான் இப்படி ஒரு சங்கத்தில் பதினோரு வருஷமாக மந்தைப் பதிவேட்டைப் பார்க்கிறேன். பிப்ரவரி விற்பனைக்கான வேலை எனக்கு நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு காளைக்கும் பெயர், காதுவில்லை எண், பிறந்த தேதி, மூன்று தலைமுறை வம்சாவளி, இனவிருத்தி மதிப்புகள், மந்தையின் நோய்ச் சோதனை நிலவரம் எல்லாம் விற்பனைப் பட்டியலில் வர வேண்டும். சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு காளைக்குத் தாத்தாவை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரே மந்தையில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கிழக்காளைகள், முதல் எழுத்து மட்டும் வேறு. பட்டியல் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. விற்பனையன்று அந்தக் காளை வளையத்துக்குள் வந்ததும் ஏலக்காரர் மேடையிலிருந்து திருத்தத்தை வாசித்தார். ஏலம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்துப் பட்டியலில் அடித்து எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. காளைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவரிடமிருந்து வந்த படிவத்தில் தாத்தாவின் பெயர் பெரிய எழுத்தில், அடியில் மூன்று கோடு போட்டு வந்தது.

கணக்குக்காரர் என்பதால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஏலம் கினியில் நடக்கும். ஒரு கினி என்றால் ஒரு பவுண்டு ஐந்து பென்ஸ். 5,000 கினிக்குச் சுத்தியல் விழுந்தால் 5,250 பவுண்டு. முதல் வாரத்திலேயே இதில் சறுக்கியவர்கள் எங்கள் அலுவலகத்திலும் உண்டு.

விற்பனை முடிந்து மூச்சு விடுவதற்குள் கன்றுகள். மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். ஜூன் ஒன்றாம் தேதி பசுக்களோடு காளையை விட்டவர்களுக்கு மார்ச் இரண்டாம் வாரத்தில் கன்று விழ ஆரம்பிக்கும், உங்கள் போனும் அடிக்க ஆரம்பிக்கும். புது உறுப்பினர்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. கன்று பிறந்த 20 நாளுக்குள் காதுவில்லை மாட்ட வேண்டும், 27 நாளுக்குள் மாட்டுக்குப் பாஸ்போர்ட், அதாவது அரசாங்க அடையாளச் சீட்டு, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதெல்லாம் அரசாங்கத்தின் விதி. சங்கத்தில் வம்சாவளியைப் பதிவது தனி வேலை. "பாஸ்போர்ட் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஓர் எழுத்து வைத்திருக்கும் சங்கம் என்றால் அந்த வருஷத்துக் கன்றுகளின் பெயரெல்லாம் அந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் நல்ல பெயரெல்லாம் தீர்ந்துவிடும்.

கிடாரிக்கன்று என்று எழுதி வந்தால் இரட்டையா என்ற கட்டத்தைப் பாருங்கள். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாக இருக்கும். வயிற்றிலேயே இரண்டுக்கும் ரத்தம் கலந்துவிடுவதால் வருவது. அதைக் கவனிக்காமல் இனவிருத்திக்கு விற்றுவிட்டால் இரண்டு வருஷம் கழித்து வழக்கு உங்கள் மேசைக்கு வரும்.

இனி, ஆறு பேர் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 1810-ல் காமெட் என்ற ஷார்ட்ஹார்ன் காளை ஆயிரம் கினிக்குப் போனது. அப்போது மாடுகளுக்கு அச்சில் பதிவேடு ஏதும் கிடையாது. வம்சாவளியெல்லாம் வளர்த்தவர்களின் நினைவிலும் சொந்த நோட்டிலும் இருந்ததுதான். அவ்வளவு பணம் கொடுக்கிறவன் அப்பன் யார், ஆத்தாள் யார் என்று கேட்காமல் விடுவானா? 1822-ல் ஜார்ஜ் கோட்ஸ் ஷார்ட்ஹார்னுக்குப் பதிவேடு போட்டார். 1846-ல் ஹியர்ஃபோர்டு, 1862-ல் அபர்டீன் ஆங்கஸ் மாட்டுக்கு வந்தது. நாம் விற்பது அந்தக் காகிதத்தைத்தான். அதில் எழுதியிருக்கும் அப்பன் உண்மையான அப்பனாக இருக்க வேண்டும்.

அதைச் சரிபார்க்கத்தான் டிஎன்ஏ. வால் நுனி மயிரைக் கொத்தாகப் பிடித்துச் சட்டென்று இழுக்க வேண்டும். ஒவ்வொரு மயிரும் வேர்க்குமிழோடு வர வேண்டும், வேரில்தான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை ஓர் உறுப்பினர் கத்தரிக்கோலால் வெட்டி, நூலால் அழகாக முடிச்சுப் போட்டு, கவரில் காளையின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். பூச்செண்டு மாதிரி இருந்தது. ஒன்றுக்கும் உதவாது. திரும்பப் பிடுங்கச் சொல்லி போன் செய்தபோது, "மாடு உதைக்குமே" என்றார். உதைக்கும்தான்.

ஜூன், ஜூலையில் கண்காட்சிகள். ராயல் ஹைலண்ட், கிரேட் யார்க்‌ஷயர், ராயல் வெல்ஷ் என்று வரிசையாக வரும். அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், நீங்களும் ஏதாவது ஒன்றில் சங்கத்தின் கூடாரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். இலையுதிர் காலத்தில் மந்தைப் போட்டி, அக்டோபர் விற்பனை. பிறகு ஆண்டு மலருக்கு விளம்பரப் படம் கேட்டுக் கெஞ்சல். பொதுக்குழுவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எடைக்கல்:
அக்கா இனவிருத்தி மதிப்பை ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். என் பிழைப்பு அதில்தான், அதனால் கொஞ்சம் சேர்க்கிறேன். ஒரு மாட்டின் கன்றுகள் எப்படி இருக்கும் என்று எண்ணில் சொல்லும் கணிப்புதான் அது. 200-ம் நாள் எடை, 400-ம் நாள் எடை, அதோடு 12, 13-வது விலா எலும்புகளுக்கு நடுவில் ஸ்கேன் வைத்து எடுக்கும் முதுகுத் தசையின் அளவு, எல்லாம் சங்கம் வழியாகத்தான் கணக்கிடும் இடத்துக்குப் போகும். ஒரு காளைக்கு 400-ம் நாள் எடையில் கூட்டல் 40 என்று வந்தால், பூஜ்யம் உள்ள காளையின் கன்றுகளைவிட அதன் கன்றுகள் சராசரியாக 20 கிலோ கூட இருக்கும் என்று அர்த்தம். பாதிதான் அப்பனிடமிருந்து வருகிறது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவர் முப்பது கன்றைப் பதிந்துவிட்டு நாலு கன்றுக்கு மட்டும் எடை அனுப்பினால் விடாதீர்கள். ஒன்றாக வளர்ந்த கன்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் மதிப்பே வருகிறது. நல்ல நாலை மட்டும் நிறுத்தினால் அந்த நாலும் ஒன்றுக்கொன்று சுமாராகத் தெரியும். பிறகு "என் காளைக்கு ஏன் மதிப்பு குறைவு?" என்று உங்களையே திட்டுவார்கள்.

வேலியோரம்:
போனுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் நான். நாங்கள் இருபத்திரண்டு பசு வைத்திருக்கிறோம். அக்கா சொல்லும் டிஎன்ஏ போன் எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த காளை அந்தக் கன்றுக்கு அப்பன் இல்லை என்றார்கள். வீட்டுக்காரர் பேசாமல் போனை வைத்துவிட்டு, கொட்டகையில் தொங்கும் நோட்டை எடுத்து வந்து 283 நாள் பின்னால் எண்ணினார். வேலி சரிந்து கிடந்த வாரத்தில் போய் நின்றது.

நல்ல வேளை, பக்கத்து நிலத்துக்காரரின் காளையும் அதே இனம், பதிவானது. அவரும் மயிர் கொடுத்தார், படிவத்தில் கையெழுத்தும் போட்டார். உண்மையான அப்பன் பெயரில் கன்றைத் திருத்திப் பதிந்தோம். அது கலப்பினக் காளையாக இருந்திருந்தால் கன்று நேராக இறைச்சிக்குத்தான் போயிருக்கும். அன்று பேசிய பெண் ஒரு நிமிஷம்கூட எங்களைப் பொய்க்காரர்கள் மாதிரி நடத்தவில்லை. "இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் வேலி இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டாள். நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள்.

சந்தா பில் அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் தாமதம் செய்தால் சந்தோஷம்.

புதுக்கணக்கன்:
எல்லோருக்கும் நன்றி. ஆறு பேர் போதுமா என்று இப்போது பயமாக இருக்கிறது. அக்கா, லீவுக்கு எந்த மாதம் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?

மந்தையேடு:
ஆகஸ்ட், முதல் இரண்டு வாரம். அதுவும் ஜனவரியிலேயே நாள்காட்டியில் எழுதிவிடுங்கள், எனக்குக் கீழே இருக்கும் பெண் எழுதுவதற்குள்.