உலகம் அழிந்தபின் நடக்கும் காமிக்ஸில் மந்திரமும் இயந்திரமும் ஒன்றாக நிற்குமா?

கரிக்கோடு:
ஒரு காமிக்ஸுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரழிவு நடந்து 300 வருடம் கழித்து. ஒரு வைத்தியச்சி, அவள் கை வைத்தால் காயம் ஆறிவிடும். ஊர் அதை அருள் என்கிறது, உண்மையில் அவள் ரத்தத்தில் பழைய காலத்து நானோ இயந்திரங்கள், அதாவது கண்ணுக்கே தெரியாத குட்டி இயந்திரங்கள், ஓடுகின்றன. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இடிந்துபோன நகரத்தில் ஒரு ஆவியும் வருகிறது, அது இயந்திரமெல்லாம் இல்லை, நிஜமான ஆவி. கதையைப் படித்துப் பார்த்த நண்பர், இரண்டும் இருந்தால் வாசகர் எதையுமே நம்பமாட்டார், ஒன்றைத் தூக்கு என்கிறார். எனக்கு ஆவியை விட மனசில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்தே ஆக வேண்டுமா?

பழைய இதழ்:
தூக்காதீர்கள். ஜப்பானியக் கலைஞர் மியாசாகியின் நௌசிகா என்ற மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ், 1982 முதல் 1994 வரை வந்தது) எடுத்துப் பாருங்கள். அதில் வரும் விஷக்காடு முதலில் சாபம் மாதிரி தெரிகிறது, அப்புறம் அதே செடிகளை நல்ல மண்ணிலும் நல்ல தண்ணீரிலும் வளர்த்தால் விஷமே இல்லை, காடு பூமியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்று நாயகி நௌசிகா கண்டுபிடிக்கிறாள். இது முழுக்க விஞ்ஞானிக்குரிய வேலை. அதே பெண் ஓமு என்ற ராட்சதப் பூச்சிகளோடு மனசாலேயே பேசுவாள், அது எப்படி என்று கதை பாடம் நடத்துவதில்லை. படிக்கும்போது இரண்டும் ஒட்டாமல் நிற்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் சுற்றுகின்றன: இந்தக் காட்டோடு மனிதர்கள் எப்படி வாழ்வது? உங்கள் வைத்தியச்சியும் ஆவியும் அப்படி ஒரே கேள்வியைச் சுற்றுகிறார்களா? அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மூன்றாம் பேனல்:
பாதிதான் ஒத்துக்கொள்வேன். விளக்கம் வேண்டாம், சரி, ஆனால் விதி வேண்டும். ஆவியால் என்ன முடியும், என்ன முடியாது, அதைக் கூப்பிட்டால் கூப்பிட்டவருக்கு என்ன போகும், இதெல்லாம் முதல் இதழிலேயே கண்ணில் பட வேண்டும். நாலாவது இதழில் நாயகி மாட்டிக்கொள்ளும்போது புதுசாக ஒரு சக்தி முளைத்தால் அது நானோ இயந்திரமானாலும் ஏமாற்றுதான்.

ஜெஃப் லெமியரின் ஸ்வீட் டூத் என்ற காமிக்ஸ் இதைத் துணிச்சலாகச் செய்கிறது. மான்கொம்போடு பிறந்த பையன், உலகத்தையே காலி செய்த கொள்ளைநோய். காரணம் ஆய்வுக்கூடமா, 1911-ல் அலாஸ்காவில் கலைக்கப்பட்ட ஒரு தெய்வத்தின் கல்லறையா என்று இரண்டு வழியையும் திறந்தே வைக்கிறார். ஆனால் அந்தப் பையனைப் போல பாதி மனிதனாக, பாதி விலங்காகப் பிறந்த குழந்தைகளுக்கு நோய் வராது என்பதில் குழப்பமே கிடையாது.

மைப்புட்டி:
நான் படம் வரைகிறவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாவலில் "அருள்" என்று எழுதிவிட்டால் வாசகருக்கு அந்தச் சொல் மட்டும்தான் கையில் இருக்கும். காமிக்ஸில் கேப்ஷன், அதாவது படத்தோடு வரும் கதைவரி, அருள் என்று சொல்லும், அதே பேனலில், அதாவது அதே ஒற்றைப் படத்தில், அவள் தோலுக்கடியில் ரத்தக்குழாய் நேர்கோட்டில், செங்கோணத்தில் திரும்புவதை நான் வரைந்துவிடலாம். ஊருக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்துவிடும், யாரும் வாயைத் திறந்து விளக்க வேண்டாம். ஆவிக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அது வரும் பேனல்களுக்குக் கட்டம் போடாதீர்கள், பேச்சுக்கு பலூன் வேண்டாம், எழுத்து நேராக இடிந்த சுவர்மேலேயே கிடக்கட்டும். இரண்டு பக்கத்திலேயே வாசகர் இது வேறு, அது வேறு என்று பழகிவிடுவார். தயவுசெய்து ஆவிக்கு நீல ஒளிவட்டம் மட்டும் போடாதீர்கள், அதைப் பார்த்ததுமே எல்லோரும் ஹோலோகிராம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கரிக்கோடு:
செங்கோண ரத்தக்குழாயை எடுத்துக்கொள்கிறேன், நன்றி! விதி விஷயமும் சரிதான், என் ஆவி இப்போது நினைத்ததையெல்லாம் செய்கிறது. பழைய இதழ் கேட்டதை யோசித்தேன். செத்தவர்கள் விட்டுப்போனதை யார் சுமப்பது என்பதுதான் இரண்டு பேருக்கும் பொது. அவள் உடம்பில் சுமக்கிறாள், ஆவி நினைவில் சுமக்கிறது. அப்படியென்றால் அவள் ஆவியைத் தொட்டால் என்ன ஆகும்?

மூன்றாம் பேனல்:
அதுதான் உங்கள் மூன்றாவது இதழ். இயந்திரங்கள் எதை ஆற்றப் பார்க்கும் என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள்.